இடதுபக்க இருக்கை

கும்மிடிப்பூண்டி
10 ஜூன் 2025, செவ்வாய்

அக்கா,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. நேற்றிலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை. கடிதத்தையாவது பிரிக்காமல் இருக்க முடியாது என்று நினைத்து பம்பாய் விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன்.

நேற்று ஷிப்ட் முடிந்து மில் வாசல் டீக்கடையில் நின்றிருந்தோம். டிவியில் உங்கள் தேசவான் ஏர்வேஸ் சமாச்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. மீனம்பாக்கத்தில் பைலட்டுகள் எல்லோரும் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்கிறார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை, அந்த வெயிலில் ஒருத்தர் கூட அசையவில்லை. நாங்களும் கும்பலாக நின்று கத்தியிருக்கிறோம், பஸ்ஸை மறித்திருக்கிறோம். இப்படிச் சும்மா நிற்பதைப் பார்த்து எங்கள் டீ ஆறிப்போய்விட்டது.

அப்போதுதான் அந்த வரிசையைத் தாண்டி, யூனிபார்மோடு, பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருத்தி உள்ளே போனாள். கேமராக்காரன் விடாமல் துரத்தினான். முகத்தைத் திருப்பினாள். பார்த்தால் நீ.

ஜெயராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். "எபி, அது உங்க அக்கா இல்ல? இன்னாபா இது, அல்லாரும் வெளிய நின்னுக்கினு கீறாங்க, அவுங்க மட்டும் உள்ள போய்க்கினு கீறாங்க?"

நான் ரோலிங் மில் சங்கத்துக்குச் செயலாளர் அக்கா. ஸ்ட்ரைக்கில் உள்ளே போகிறவனை நாங்கள் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று உனக்குத் தெரியும். கருங்காலி என்ற அந்த வார்த்தையை நேற்று யாரும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து முழுங்கிவிட்டார்கள். அதுதான் இன்னும் பேஜாராக இருக்கிறது.

உனக்கு கேப்டன் லெட்டர் வந்துவிட்டதாக அம்மா தெரு பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் எப்படி வந்தது? கம்பெனி கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாயா? அதற்குக் கூலியாகத்தான் உள்ளே போனாயா? ஆமாம் என்றால் பதில் எழுத வேண்டாம்.

எபினேசர்

---

மும்பை
13 ஜூன், வெள்ளி

எபி,

சங்கச் செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். ஏன் உள்ளே போனாய் என்று நீ கேட்கவில்லை. தீர்ப்பு எழுதி, அதில் ஸ்டாம்பும் ஒட்டி அனுப்பியிருக்கிறாய். அதனால் அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. போடா.

கேட்ட இன்னொன்றுக்குச் சொல்கிறேன். கையெழுத்து இன்னும் போடவில்லை.

எங்கள் புது சேர்மன் அருணாச்சலம் வந்ததிலிருந்து கம்பெனி நஷ்டம், கம்பெனி நஷ்டம் என்கிறார். அது பொய்யும் இல்லை. அவர் கண்டுபிடித்த வழி இது. இதுவரை நாங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கென்று ஒரு சம்பளம் உறுதி. காய்ச்சல் வந்தாலோ, சரியாகத் தூங்கவில்லை என்றாலோ, 'இன்றைக்கு நான் பறக்கத் தகுதியாக இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. புது ஒப்பந்தத்தில் அந்த உறுதி கிடையாது, பறந்த மணிக்கு மட்டும்தான் சம்பளம். அப்படியென்றால் வீட்டுக் கடன் இருக்கிறவன் தூக்கம் இல்லாவிட்டாலும் வந்து உட்காருவான். அவனுக்குப் பின்னால் நூற்றி எண்பது பேர் சீட் பெல்ட் போட்டு அவனை நம்பி உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் ஒரு சூது இருக்கிறது. சீனியர் கேப்டன்களின் சம்பளத்தில் கை வைக்கவில்லை. எங்களைப் போல வலதுபக்கம் உட்காரும் துணை விமானிகளுக்கும், புதிதாக கேப்டன் ஆகிறவர்களுக்கும் மட்டும்தான். வரிசையில் முதலில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கு கேப்டன் லெட்டர் அடித்து வைத்திருக்கிறார்கள். இருபதாம் தேதிக்குள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் லெட்டர் கையில் வரும், கேப்டன் உட்காரும் இடதுபக்க இருக்கை எனக்கு. போடாவிட்டால் என் இடம் பின்னால் போய்விடும். எவ்வளவு பின்னால் என்று அவர்களும் சொல்லவில்லை.

அந்த இருக்கைக்காக ஒன்பது வருஷம் வலதுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன் எபி. விடியற்காலையில் வங்காள விரிகுடா மேலே சூரியன் வருவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வாய் அடைத்துப்போகும். கீழே கடல் கறுப்பாகத்தான் இருக்கும், எங்கள் கண்ணாடியில் மட்டும் வெளிச்சம் வந்துவிடும். இதைப் பார்க்கவா எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தோன்றும். அதைச் சொன்னால் சேர்மன் சம்பளத்தையே நிறுத்திவிடுவார், அதனால் வெளியே சொல்வதில்லை.

என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ இப்படி எழுதாமல் இருந்திருந்தால் உன்னிடம்தான் கேட்டிருப்பேன்.

பிரின்சி

---

கும்மிடிப்பூண்டி
16 ஜூன், திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

சனிக்கிழமை நம் தெரு இம்மானுவேல் மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்தான். வெல்டிங் வேலைக்குப் போனவன். வந்ததும் வராததுமாக நம் வீட்டுக்கு வந்து அம்மா காலைத் தொட்டான். நானும் அம்மாவும் முழித்தோம். அப்புறம் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டு நாளா ஏர்போர்ட் தரையில படுத்துக்கினு இருந்தோம் எபி. ஸ்ட்ரைக்கு, பிளேன் வராதுன்னுட்டாங்க. கைல டப்பு இல்ல, விசா முடிஞ்சுபூட்டுது, திரும்பி கேம்புக்கும் போவ முடியாது. மூணாவது நாளு கூப்ட்டு ஏத்துனாங்க. ஏறி உக்காந்தா மைக்குல ஒரு பொம்பள கொரலு. 'லேட் ஆனதுக்கு மன்னிச்சுக்குங்க, எல்லாரும் பத்திரமா ஊட்டுக்குப் போலாம்'னு தமிழ்ல சொல்லுது. ஊட்டுக்குன்னு சொல்லுச்சுபா, வீட்டுக்குன்னு கூட சொல்லல! பிளேன்ல ஒரு சத்தம் இல்ல. எனக்கு முன்னாடி சீட்டுல ஒரு பெருசு, மொகத்த மூடிக்கினு குலுங்குது. எறங்கும்போது பாத்தேன், வாசல்ல நின்னுக்கினு இருந்துது. நம்ம பிரின்சிக்கா!"

உங்கள் சங்கமே எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியதாம். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட ஜனங்களை எல்லாம் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் அந்த எட்டுப் பேரும் வரிசையில் வந்து நிற்பார்களாம். இதை விமானத்திலேயே யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நீ சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் மில்லில் ஸ்ட்ரைக் என்றால் உலையை அணைக்க மாட்டோம். உள்ளே இரும்பு வேகும்போது அணைத்தால் சுவர் செங்கல் வெடித்துவிடும். அப்புறம் ஜெயித்தாலும் திரும்பிப் போக வேலை இருக்காது. அதனால் சங்கமே இரண்டு பேரை உள்ளே அனுப்பும். வெளியே எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருக்க, அவர்கள் மட்டும் உள்ளே தீயைக் காப்பார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டோம். போன ஸ்ட்ரைக்கில் அந்த இரண்டு பேரில் ஒருத்தன் யார்? உன் தம்பிதான்! நீ உள்ளே போகும்போது நான் எப்படி அதை நினைக்காமல் போனேன் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். ஜெயராஜிடம் சொன்னேன். "உங்க அக்கா வானத்துல உல காக்குதுடா" என்றான்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ சிரிப்பாய். கையெழுத்துப் போட்டுவிடு அக்கா.

ஆமாம், நான்தான் சொல்கிறேன். சீனியர்களுக்கு என்ன, தோளில் கேப்டனுக்குரிய நாலு கோடு போட்டு, வீடு கட்டி, பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிவிட்டார்கள். நம் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட பொம்பளை. நம் ஜனத்தில் யார் அந்த இடதுபக்கம் உட்கார்ந்தார்கள்? இன்றைக்கு விட்டால் திரும்பக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று உனக்கு யார் சொன்னது? ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறவன்தான் நான். உன் விஷயத்தில் என்னால் முடியவில்லை. நீ கேப்டன் ஆக வேண்டும். எனக்கு அது போதும்.

எபி

---

மும்பை
21 ஜூன், சனி

எபி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்துவிட்டு அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. நேற்று சேர்மன் அறைக்குப் போகும்போது அது என் பையில்தான் இருந்தது. போட்டுவிடலாம் என்ற முடிவோடுதான் போனேன் என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

நீள மேஜை. ஒருபக்கம் நாங்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு பேனா வைத்திருந்தார்கள். எதிரில் அருணாச்சலம் சார். வில்லன் மாதிரி இருப்பார் என்று நினைக்காதே, சளி பிடித்துத் தும்மிக்கொண்டிருந்தார், பாவம். "கம்பெனி மூடிட்டா யாருக்கும்மா நான் சம்பளம் கொடுப்பேன்?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். நான் பேனாவைக் கையில் எடுத்தேன்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு கேப்டன் வசந்தகுமார் வந்தார். எங்கள் சங்கத் தலைவர். அடுத்த மாதம் அறுபத்தைந்து ஆகிறது, அதோடு லைசென்ஸ் முடிந்துவிடும். ஒப்பந்தம் எப்படிப் போனால் அவருக்கு என்ன? அவருக்குப் பின்னால் சீனியர் கேப்டன்கள், அறை கொள்ளாமல் வராந்தா வரைக்கும். யாரும் சத்தம் போடவில்லை. வசந்தகுமார் சார் தோளிலிருந்த நாலு கோட்டுப் பட்டையைக் கழற்றி சேர்மன் முன்னால் வைத்தார். அடுத்தவர் வைத்தார். அதற்கடுத்தவர். துணி மேஜையில் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. வைக்க இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

"எங்க சம்பளத்துல கை வைக்கலன்னீங்க. இந்தப் பசங்களுக்கு என்ன கொடுக்கப்போறீங்களோ, அதையே எங்களுக்கும் கொடுங்க. அதுக்கு அப்புறம் பேசலாம்" என்றார்.

சேர்மன் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார் எபி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஜெபக் கூட்டத்தில் கூட எனக்கு அப்படி ஆனதில்லை. தங்களுக்கு ஒரு குறையும் வராத சண்டையில் வந்து நிற்கிற மனுஷர்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் பேனாவை மூடி வைத்தேன். லெட்டரை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன். பெருமையாக ஒன்றும் தோன்றவில்லை, ஐயோ போச்சே என்றுதான் தோன்றியது.

சுமலதா கையெழுத்துப் போட்டாள். என்னோடு ட்ரெய்னிங் முடித்தவள். புருஷனுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அழுதுகொண்டே போட்டாள், பேனா பிடிபடவில்லை. வசந்தகுமார் சார் பக்கத்தில் போய் காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டார். அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்த்து, "இந்தப் பொண்ணை யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்க, அப்புறம் என்கிட்ட பேசாதீங்க" என்றார்.

என் இடம் இப்போது எங்கே என்று தெரியாது. அம்மாவிடம் நீயே சொல்லு. எனக்குத் தைரியம் இல்லை.

பிரின்சி

---

கும்மிடிப்பூண்டி
25 ஜூன், புதன்

அக்கா,

கடிதத்தைப் படித்ததும் உன்மேல் கோபம்தான் வந்தது. 'அடிப்பாவி, கையில் கொடுத்ததைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறாயே' என்று வாய்விட்டே சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மறுபடி படித்தேன். அந்தப் பட்டைகள் அடுக்கியதை மட்டும் நாலைந்து தடவை படித்திருப்பேன். மில்லுக்கு எடுத்துப்போய் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். முடித்த பிறகும் ஒருத்தன் கூட டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. யாரோ, "அவரு எந்த ஊரு?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுது, இங்கே எல்லோருக்கும் தெரிய வேண்டுமாம்.

அம்மாவிடம் சொன்னேன். சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை கூடக் கொடுத்து முடித்திருந்தது. நான் சொன்னதும் போய் வாசலில் பாத்திரம் தேய்த்தது. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தது. நான் பயந்துபோய் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் வாயைத் திறந்தது.

"நாங்க நடவு நடக்கொள்ள ஒரு தபா கூலிய கொறச்சிட்டாங்க. அல்லாரும் கரையேறி நின்னுட்டோம். பசி உசுரு போவுது, நீ கைப்புள்ள. ஒருத்தி எறங்குனா போதும், அல்லாரும் எறங்கிடுவோம், அப்பிடி நிக்கறோம். தொப்புளாம்மான்னு ஒருத்தி, மாசமா இருந்தா. அவ எறங்கல. அவளப் பாத்துக்கினே நாங்களும் நின்னோம். சாயங்காலமா பழைய கூலிக்கே கூப்ட்டாங்க. இந்த ரோசம்மா மவளும் எறங்கலன்னு சொல்லு. அவளுக்கு நாஷ்டா துன்ன நேரம் கெடைக்குதா கேளு."

அம்மா ஸ்ட்ரைக் பண்ணியிருக்கிறது அக்கா! இத்தனை வருஷம் சங்கம் சங்கம் என்று வீட்டில் நான் அளந்துகொண்டிருந்தேனே, ஒரு நாளாவது வாயைத் திறந்ததா பார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இனி கையெழுத்தைப் பற்றி நான் பேசமாட்டேன். ஆனால் அந்த இருக்கை உனக்கு வரவேண்டும் என்ற ஆசை எனக்குப் போகவில்லை. அதை மட்டும் போகச் சொல்லாதே.

எபி

---

சென்னை, விமான நிலைய ஓட்டல்
4 ஜூலை, வெள்ளி

அன்பு எபி,

போனில் சொல்லலாம். நடுவில் அழுதுவிடுவேன், நீ கிண்டல் செய்வாய். அதனால் எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை ஸ்ட்ரைக் முடிந்தது உனக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது, சீனியர், ஜூனியர் எல்லோருக்கும். ஆனால் உறுதிச் சம்பளம் அப்படியே இருக்கும். தகுதியாக இல்லை என்று சொல்கிறவனுக்கு ஒரு பைசா பிடிக்கக்கூடாது. சுமலதா போட்ட ஒப்பந்தத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். பன்னிரண்டு பேருக்கும் பழைய வரிசைப்படியே இடம். சேர்மனும் வசந்தகுமார் சாரும் மூன்று நாள் உட்கார்ந்து பேசிய பேச்சு இது.

லெட்டர் கையில் வந்தாலும் அது வெறும் காகிதம்தான். ஒரு கேப்டனை இன்னொரு கேப்டன்தான் உண்டாக்க முடியும். மற்ற பயிற்சியெல்லாம் முன்பே முடித்திருந்தேன், கடைசியாக ஒரு பரீட்சை மட்டும் பாக்கி. பயணிகளோடு போகிற உண்மையான விமானத்தில் நான் இடதுபக்கம் உட்கார வேண்டும். ஒரு பெரிய கேப்டன் எனக்குத் துணை விமானியாக வலதுபக்கம் உட்காருவார். சட்டப்படி அன்றைக்கும் பொறுப்பு அவருடையதுதான். ஆனால் வழக்கம் வேறு. கதவு சாத்தியதிலிருந்து அவர் என் பேச்சைத்தான் கேட்பார், என்னை கேப்டன் என்றுதான் கூப்பிடுவார். இறங்கிய பிறகு கையெழுத்துப் போட்டால் நான் கேப்டன்.

நேற்று பகல் எனக்கு அந்தப் பரீட்சை. வலதுபக்கம் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? வசந்தகுமார் சார். இன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள், லைசென்ஸ் நேற்றோடு முடிந்துவிட்டது. கடைசிப் பயணத்தை யாரும் இடதுபக்கம் உட்கார்ந்துதான் செய்வார்கள். இறங்கியதும் விமானத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்வார்கள், குடும்பமே வந்து நிற்கும். அதை விட்டுவிட்டு எனக்குத் துணையாக உட்கார வந்திருந்தார். "உன் லெட்டரைத் தள்ளிவிட்டியே, அதை நான் பாத்தேம்மா. அதான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றார்.

கதவு சாத்தினார்கள். "கட்டளை உங்களுது கேப்டன்" என்றார். இடதுபக்கத்திலிருந்து பார்த்தால் அதே கண்ணாடி, அதே ஓடுபாதைதான். ஆனாலும் அது வேறு உலகம் எபி.

ஓடுபாதை நோக்கி உருட்டிக்கொண்டு போனோம். கிளம்பும் முன் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம், ஒருவர் கேட்க ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இறக்கைக்குப் பின்னால் நீட்ட வேண்டிய தகடுகள் நீட்டியாகிவிட்டதா என்று கேட்டேன். "ஆச்சு" என்றார். ஆகவில்லை. முள் சைபரில் நின்றது. அந்தத் தகடு இல்லாமல் வேகம் எடுத்திருந்தால் என்ன ஆகும் என்று நான் உனக்கு எழுதப்போவதில்லை, அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாய். எச்சரிக்கை மணி அடித்திருக்கும். ஆனால் இவர் வாயிலிருந்து தப்பாக ஒரு 'ஆச்சு' வந்து யாரும் கேட்டதில்லை.

அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது.

"சார், எப்ப தூங்கினீங்க?"

யோசித்தார். "திங்கக்கிழமை கொஞ்சம்னு நெனைக்கிறேன்" என்று சிரித்தார். பேச்சுவார்த்தை, அப்புறம் எல்லா ஊருக்கும் போன், அப்புறம் எங்கள் ஒவ்வொருவருக்கும் போன். எங்களுக்காகத்தான் முழித்திருந்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல். தகட்டை நீட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஒன்றரை மணி நேரப் பயணம், நானே ஓட்டியிருப்பேன். இறங்கினால் எனக்கு நாலாவது கோடு. அவருக்குக் கடைசிப் பயணம், இறங்கும் ஊரில் மனைவியும் பேரப்பிள்ளைகளும் மாலையோடு காத்திருந்தார்கள். திரும்பினால் இரண்டும் இல்லை. மறுநாள் அவருக்கு லைசென்ஸும் இல்லை.

பிரேக்கைப் பிடித்தேன். "சார், நீங்க இன்னைக்குப் பறக்கத் தகுதியா இல்ல. நாம திரும்பிப் போறோம்" என்றேன். அந்த வார்த்தையை அவரவர் தன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொள்வது. இன்னொருவரைப் பார்த்து, அதுவும் அவரைப் பார்த்து, நான் சொன்னேன்.

ஒரு சொல்லில் என்னை அடக்கியிருக்கலாம், சட்டம் அவர் பக்கம். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, கேப்டன்" என்றார்.

கண்ட்ரோல் டவருக்கு அவரே அறிவித்தார், துணை விமானி அறிவிக்கிற மாதிரியே. திரும்பினோம். பயணிகளிடம் நான் மைக்கில் மன்னிப்புக் கேட்டேன், நிறையத் திட்டினார்கள். வேறு இரண்டு பேர் வந்து அந்த விமானத்தைக் கொண்டுபோனார்கள். எனக்கு வேறு பரீட்சைத் தேதி இன்னும் போடவில்லை. சுமலதாவுக்கு அடுத்த வாரம். அவளுக்குப் பின்னால்தான் நான்.

அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று விமானிகள் ஓய்வறைக்குப் போனேன். நாற்காலியில் யூனிபார்மோடு சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தொப்பி மடியில், வாய் திறந்திருக்கிறது, அப்படி ஒரு குறட்டை! நாங்கள் கொண்டுபோக வேண்டிய விமானம் அப்போதுதான் கிளம்பியது, கட்டிடம் அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. அவர் அசையவில்லை. எத்தனை நாள் தூக்கமோ. நான் வாசலிலேயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய மனுஷனை நான் பார்த்ததில்லை எபி.

விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் அக்கா,
பிரின்சி